என்னைச் சாட்சி வைத்து ஊற்றிய மருந்து

என்னைக் காட்டித்தான் அந்தப் பெண்ணை அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். "ஒங்க அத்தைக்கே கேட்டுச்சு, ஒனக்குக் கேக்காதா?" என்று சொல்லித்தான் அவள் வாயில் அந்தப் பச்சை உருண்டையை வைத்தார்கள். அவள் என் நாத்தனார் மகள். கையில் பச்சைக் குழந்தை. கண் இரண்டும் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு, வெயிலில் உட்கார்ந்துகொண்டே பல் தந்தியடிக்கிற குளிர்காய்ச்சல். இதை எழுத உட்காரும்போதே எனக்கு வயிறு எரிகிறது. பித்தப்பைதான் இல்லை, எரிவதற்கு மற்றதெல்லாம் இருக்கிறதே.

எனக்கு என்ன கேட்டது, எது கேட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இந்தக் கோபம் யாருக்கும் புரியாது.

மாரண்டஹள்ளியை ஒட்டின ஊர் எங்களுடையது. என் கணவர் மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடு ஓட்டுகிறவர். எங்களுக்கும் கொஞ்சம் தக்காளி உண்டு. நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். என் கணவரின் அக்கா, அதாவது நாத்தனார், இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறார். புருஷனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்துவிட்டு ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவர். அதனால் அவர் சொல்லை என் கணவர் தட்டமாட்டார். நான் சொன்னால் மட்டும் நன்றாகத் தட்டுவார்.

எனக்கு வலி வருஷக் கணக்காக இருந்தது. கறி சாப்பிட்டாலோ பலகாரம் சாப்பிட்டாலோ போதும், வலது விலாவுக்குக் கீழே ஒரு பிடி பிடிக்கும். உள்ளே கையை விட்டு முறுக்குகிற மாதிரி இருக்கும். அங்கிருந்து முதுகுக்கு ஏறி வலது தோள்பட்டையில் போய் நிற்கும். வாந்தி வரும். நிற்கவும் முடியாது, படுக்கவும் முடியாது, சுவரில் தலையை முட்டலாம் போலிருக்கும். வீட்டில் எல்லோரும் அதற்கு ஒரே பேர் வைத்திருந்தார்கள். கேஸ்.

இந்தக் கேஸ் என்ற பேரை எவன் கண்டுபிடித்தானோ, அவன் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. பொம்பளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கேஸ். ஆம்பளைக்கு வந்தால் உடனே ஆஸ்பத்திரி. என் கணவருக்கு ஒரு தடவை கடைவாய்ப்பல் வலித்தது. வீட்டில் ஒருத்தரும் சத்தமாகப் பேசக்கூடாது, டிவி போடக்கூடாது, கஞ்சி ஆறியிருந்தாலும் தப்பு, சூடாக இருந்தாலும் தப்பு. அன்றைக்கே பாலக்கோட்டுக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து, ஏதோ போருக்குப் போய் வந்தவர் மாதிரி படுத்துக்கொண்டார். எனக்கோ ஓமத்தண்ணி, சோடா, மெடிக்கல் ஷாப்பில் ஒரு கேஸ் மாத்திரை. அவ்வளவுதான் என் வைத்தியம்.

முனியப்பன் கோயில் கெடாவெட்டு நடந்த அன்று பந்தலுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நான் சுருண்டு கிடந்தேன். நாத்தனார் வந்து பார்த்தார். "கறியப் பாத்தா கண்ணு மண்ணு தெரியறதில்ல, அப்புறம் கேஸு புடிக்காம என்ன பண்ணும்?" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தின்றது ரெண்டு துண்டு. அது கூட எல்லோருக்கும் பரிமாறி முடித்த பிறகு.

கடைசியில் நானே தர்மபுரிக்கு பஸ் ஏறிப் போய் ஸ்கேன் எடுத்தேன். பித்தப்பை நிறையக் கல். ஆபரேஷன் செய்து பையையே எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் கல் நகர்ந்து குழாயில் அடைத்துக்கொள்ளும் என்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னேன். நாத்தனார் அடுத்த நாளே வாழைத்தண்டை வெட்டிச் சாறு பிழிந்து சொம்பில் கொண்டு வந்து வைத்தார். "அது கிட்னிக் கல்லுக்குக் குடிக்கறதுங்க அண்ணி. இது வேற எடம், வேற கல்லு" என்றேன். "கல்லுல என்ன புள்ள வேற கல்லு? எல்லாம் கரையும், குடி" என்றார். என் கணவர் தன் பங்குக்கு, "உள்ள இருக்கறத எடுத்துட்டா அப்புறம் ஆளு பாதியாயிடுவாங்களாம்" என்றார். யார் சொன்னது என்று கேட்டால் மார்க்கெட்டில் சொன்னார்களாம். தக்காளி மூட்டைக்கு நடுவில் என் பித்தப்பையைப் பற்றிப் பஞ்சாயத்து பேசியிருக்கிறார்கள்.

நான் வாழைத்தண்டுச் சாற்றைக் குடித்துக்கொண்டே இருந்தேன். கல்லும் அது பாட்டுக்கு இருந்தது. ஒரு நாள் காலையில் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் கண் மஞ்சள். ஒன்றுக்குப் போனால் கடுங்காப்பி நிறம். உள்ளங்காலில் ஆரம்பித்து உடம்பெல்லாம் அரிப்பு. கல் குழாய்க்குள் இறங்கிவிட்டது என்று எனக்குப் புரிந்தது, அந்த டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் கண் மஞ்சளானால் ஒரே வழிதான். காமாலைக்கு மருந்து ஊற்றுகிற இடத்துக்குப் போக வேண்டும். அதற்கு மேல் யாரும் யோசிக்க மாட்டார்கள்.

கர்நாடக எல்லையை ஒட்டி ஒரு சின்ன ஊர். ஒரு வீட்டு வாசலில் புங்கமரம், அதன் நிழலில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிற கூட்டம். மருந்து ஊற்றுகிறவர் சாந்தமான மனுஷன், பாதி கன்னடம் பாதி தமிழ். முதலில் கையில் ஏதோ ஒரு சாற்றைத் தேய்த்துவிட்டுச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவச் சொல்வார். தண்ணீர் மஞ்சளாக மாறும். "நோடும்மா, இங்க பாரு, பித்தம் எறங்குது" என்பார். சுற்றி இருக்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். "நல்லா இருக்கறவங்க கையில தேச்சாலும் மஞ்சளா வருமாங்க?" என்று கேட்டேன். நாத்தனார் என் தொடையில் கிள்ளினார். பிறகு பச்சை உருண்டை, வெள்ளாட்டுப் பால், அதற்கப்புறம் பத்தியம். "உப்பு பேடா, வேணாம்மா. எண்ணெ பேடா, புளி பேடா. இங்கிலீஷ் மாத்திரை பேடவே பேடா" என்றார். இங்கிலீஷ் மருந்து உள்ளே போனால் இவர் மருந்து முறிந்துவிடுமாம், முறிந்தால் விஷமாகிவிடுமாம்.

இங்கேதான் அந்தக் கூத்து. எண்ணெய் இல்லாமல் கஞ்சி மட்டும் குடித்ததால் பித்தப்பைக்கு வேலை இல்லாமல் போய் வலி அடங்கியது. குழாயில் அடைத்த கல்லும் கொஞ்சம் நகர்ந்து வழி விட்டிருக்கிறது, கண் லேசாக வெளுத்தது. இதெல்லாம் பின்னால் ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்றைக்கு நாத்தனார் தெருவையே கூப்பிட்டு என் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். "பாருங்க, மூணே வேளை மருந்து!" மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அப்படி என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு காய்ச்சல் வந்தது. கட்டிலே ஆடுகிற குளிர். ஒரு காய்ச்சல் மாத்திரை கேட்டேன். தரவில்லை. மருந்து முறிந்துவிடுமே! கம்பளி போர்த்தினார்கள், மேலே இன்னொரு கம்பளி போர்த்தினார்கள், மாத்திரை மட்டும் தரவில்லை. நான் ஏதேதோ உளற ஆரம்பித்த பிறகுதான் என் கணவருக்குப் பயம் வந்து, லோடு வண்டியில் என்னைப் போட்டுக்கொண்டு தர்மபுரி போனார். அங்கிருந்து சேலத்துக்கு அனுப்பினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு அடைத்த கல்லை எடுத்தார்கள். கல்லுக்குப் பின்னால் சீழ். உடம்பு தேறிய பிறகு பித்தப்பையையும் எடுத்தார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா என் கணவரை உட்கார வைத்துக் கேட்டார். "நீங்க தக்காளிக்குச் சொட்டுத்தண்ணி டிரிப்பு போட்டிருக்கீங்களா?" "போட்டிருக்கோங்க." "குழாயில மண்ணு அடைச்சா என்ன செய்வீங்க?" "கழட்டி ஊதி விடுவோங்க." "அடைச்ச குழாய அப்படியே விட்டுட்டு செடிக்கு மந்திரிப்பீங்களா?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கல்லீரல்ல ஊறுற பித்தம் குடலுக்குப் போற குழாய் அது. அடைச்சா ரத்தத்துல ஏறிக் கண்ணு மஞ்சளாகும். தேங்குனா சீழ் புடிச்சு ஆளையே கொண்டுபோயிடும். எல்லா மஞ்சளும் ஒண்ணு இல்லீங்க." அவர் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். புரிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

அட போங்க. வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் கதையே மாறிவிட்டது. "மருந்துலதான் கல்லு எளகுச்சு. எளகுன கல்ல ஆஸ்பத்திரிக்காரன் எடுத்தான், அதுல என்ன பெரிய கெட்டிக்காரத்தனம்?" என்றார் நாத்தனார். பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் இதே பேச்சு. நான் மறுத்துச் சொன்னால், "ஆபரேஷன் பண்ணதுல இருந்து இவளுக்குக் கோவம் ஜாஸ்தி" என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். என் கணவர் வாயே திறக்கவில்லை. யார் வீட்டிலாவது யாருக்காவது கண் மஞ்சளானால் என் வாசலுக்கு அனுப்பிவைப்பார்கள், குணமானவளைப் பார்த்துவிட்டு வரச்சொல்லி. ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன். அவர்கள் என் கண்ணின் வெள்ளையைப் பார்த்துவிட்டு நேரே புங்கமரத்துக்குப் போவார்கள்.

அப்போதுதான் நாத்தனார் மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். ஓசூரில் வாழ்க்கைப்பட்டவள், என்னிடம் ஒட்டுதலான பெண். பிள்ளை பெற்றவளுக்கு என்று நாத்தனார் நாட்டுக்கோழியும் பூண்டும் நல்லெண்ணெயுமாக ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். ஒரு நாள் தைக்கிற ரூமுக்கு வந்து, "அத்த, இங்க புடிக்குது, தோள்பட்ட வரைக்கும் இழுக்குது" என்று வலது விலாவைத் தொட்டுக் காட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே ஸ்கேன் எடுக்கணும் என்று நாத்தனாரிடம் போனேன். "பிரசவ வாயு. எனக்கும் இவ பொறந்தப்ப இருந்துச்சு. ஒனக்கு வந்தா ஊருக்கே வரணுமா?" என்று கேட்டார். கேஸ் என்பதற்குப் பிரசவத்தில் வாயு என்று பேர் வைத்துக்கொள்வார்கள் போல. அவள் புருஷனிடம் போனில் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்றான்.

அந்த ஞாயிறு வருவதற்குள் நான் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போக வேண்டியதாயிற்று, என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். சாயங்காலம் என் கணவர் போன் செய்தார். தக்காளி விலை, மாட்டுக்குத் தீவனம் எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "அக்கா மகளுக்குக் காமால. இன்னைக்குக் காலைல மருந்து ஊத்திட்டு வந்தோம், நாந்தான் வண்டி ஓட்டுனேன்" என்றார்.

 நான் போட்ட சத்தத்தில் தம்பி வீட்டு விருந்தாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அறிவிருக்குதா ஒங்களுக்கு? சேலத்துல ஒக்கார வெச்சு டிரிப்புக் குழாய்ன்னு அந்தம்மா சொன்னது காதுல ஏறலையா? காய்ச்சல் இருக்குதா அவளுக்கு?" "லேசா குளுருதுங்கறா." "இப்பவே தர்மபுரிக்குக் கூட்டிட்டுப் போங்க." "எப்பிடிப் போறது? பத்தியத்துல இருக்கறா. அக்கா ஒத்துக்க மாட்டாங்க. நாளைக்கும் ஒரு வேள ஊத்திட்டு..." நாத்தனாரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவர் வாங்கவில்லை. அந்தப் பெண்ணிடமே பேசினேன். அவள் அழுதாள். "நடுவுல உட்டா வெஷமாயிடுமாம் அத்த. பால் குடிக்கற கொழந்தைக்கும் எறங்கிடுமாம்." இப்படிச் சொல்லி வைத்திருக்கிறார்கள் ஒரு பச்சை உடம்புக்காரியிடம். அவள் புருஷனுக்குப் போன் போட்டால் கம்பெனி ஷிப்டில் இருந்தான், எடுக்கவில்லை.

விடிந்ததும் முதல் பஸ். தர்மபுரியில் மாறி, பாலக்கோடு தாண்டி, வீட்டுக்குப் போகாமல் நேரே ஒரு ஆட்டோ பிடித்து அந்தப் புங்கமரத்துக்குப் போனேன். வழியெல்லாம் என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எங்கள் லோடு வண்டி ஓரமாக நின்றது. கூட்டத்தின் நடுவில் நாத்தனார் மடியில் குழந்தை. பக்கத்தில் அந்தப் பெண், கொளுத்துகிற வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தாள். நெற்றியைத் தொட்டால் அடுப்பில் கை வைத்த மாதிரி இருந்தது. "எந்திரி கண்ணு, போலாம்" என்றேன். அவள் கண் திறந்து பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

நாத்தனார் விட்டுக்கொடுப்பாரா? எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்து, "இதா, இவதாங்க எந்தம்பி பொண்டாட்டி. மஞ்சக் கெழங்காட்டம் கெடந்தவ. இங்க வந்துதான் பொழச்சா. இன்னைக்கு இங்கயே வந்து வேணாங்கறா பாருங்க, நன்றி கெட்டவ!" என்றார். அத்தனை கண்ணும் என் மேல் திரும்பியது. மருந்து ஊற்றுகிறவரும் கையில் உருண்டையோடு பார்த்தார்.

நான் யோசிக்கவே இல்லை. முந்தானையை விலக்கினேன். ஜாக்கெட்டுக்குக் கீழே வயிறு மொத்தமும் தெரிகிற மாதிரி சேலையைக் கீழே இறக்கிப் பிடித்தேன். தொப்புளில் ஒன்று, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, வலது பக்கம் இரண்டு, தழும்புகள். "பாருங்க! நல்லாப் பாருங்க! நான் பொழச்சது இது வழியா! இங்க மருந்து ஊத்துன அப்புறந்தான் எனக்குச் சீழ் புடிச்சுது. காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை குடுக்க விடல இவங்க. பித்தக் குழாய்ல கல்லு அடச்சா எந்தத் தழையும் எடுக்காது. இந்தப் பொண்ணு செத்தா எந்தச் சுண்ணாம்புத் தண்ணில கை கழுவுவீங்க எல்லாரும்?"

ஒரு ஆள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு பொம்பளை, "அய்யோ, மூடு தாயி" என்றாள். "மூட மாட்டேன்" என்றேன். என் கணவர் வண்டிக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அந்தப் பெண் மட்டும் கம்பளிக்குள் இருந்து என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லோரும் அவளுக்கு என் கண்ணைக் காட்டினார்களே தவிர இதை யாரும் காட்டியதில்லை. அவள் கையை ஊன்றி எழுந்தாள். அம்மாவின் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கி என்னிடம் கொடுத்தாள். "மாமா, வண்டிய எடுங்க" என்றாள். அவ்வளவு காய்ச்சலில் அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

தர்மபுரியில் கையில் ஊசி ஏற்றி அப்படியே சேலத்துக்கு அனுப்பினார்கள். எனக்கு எடுத்த அதே மாதிரி அவளுக்கும் வாய் வழியாகக் கல்லை எடுத்தார்கள். அவளுக்கும் சீழ். இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது, இன்னொரு நாள் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் குழந்தைக்குத் தாய் இருந்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். சுற்றிவளைக்காமல் அப்படியேதான் சொன்னார். நாத்தனார் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலம் அவள் புருஷன் வீட்டு ஆட்கள் பார்க்க வந்தபோது என் காதுபட அவர்களிடம் சொன்னார்: "ஒரு வேளையாவது மருந்து உள்ள போச்சே, அதான் தாங்குனா." நான் இன்னும் கொஞ்சம் அந்த இடத்தில் நின்றிருந்தால் ஏதாவது நடந்திருக்கும். வெளியே வந்துவிட்டேன்.

மாடிப்படியில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "அத்தன பேரு முன்னாடி சேலைய எறக்கிக் காட்டுனியே, எம்மானம் என்னாகறது? நாளைக்கு மார்க்கெட்டுக்கு எப்பிடிப் போறது?" என்றார்.

"வருஷக் கணக்கா ஒங்க எதுத்தாப்பலயே வயித்தப் புடிச்சிட்டு உருண்டேன். கெடாவெட்டுல பாத்தரத்துக்கு நடுவுல கெடந்தேன். அப்பெல்லாம் போகாத மானம் இப்ப எங்கங்க போச்சு?"

 உள்ளே அந்தப் பெண் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. வண்டியில் வரும்போது அவள் அலறியதை வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே ஓட்டியவர் அவர், முகம் வெளுத்துத்தான் இருந்தது. என்னைப் பார்க்காமல் படியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஒனக்கும் இப்பிடித்தான் வலிச்சுதா?"

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்தக் கேள்வியை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வலி இருந்த இடமே என் உடம்பில் இப்போது இல்லை. இரங்கிக் கேட்கிறார் என்று தெரிந்தது. தெரிந்தும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"ஒங்க அக்கா மக கத்துனாத்தான் அது வலின்னு தெரியுதா ஒங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, குழந்தைக்குப் பால் வாங்கப் போனேன்.